பட்டுவின் ஈறுக்குள் வைத்தது

பட்டுவைப் பற்றி நான் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பெற்ற பெண்ணைப் போல அவள் பார்த்துக்கொண்ட அண்ணன் மகள் அவளுக்குச் செய்ததையும், அதை மூடி மறைக்க அந்த அண்ணன் போட்ட ஆட்டத்தையும் நினைத்தால், குடிக்கிற காப்பி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

என் பெயர் மெட்டில்டா. வீடு செகந்திராபாத் மாரேட்பள்ளியில். எங்கள் குடும்பம் பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பட்டு எனக்கு அடுத்த மேஜை. மாயவரத்துப் பெண், நாராயணஸ்வாமியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். நாராயணஸ்வாமி அதே தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் இருந்தார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவாள்.

பட்டுவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மெதுவாகக் கோபப்படவும் தெரியாது. ஒருமுறை கேன்டீனில், கோழிக் குழம்பில் கிடந்த கரண்டியை எடுத்து ஒருத்தன் சாம்பாரில் போட்டான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவள், கேன்டீன் கமிட்டித் தலைவரின் அறைக்கே போய்விட்டாள். “நீங்க கோழி சமைங்கோ, ஆடு சமைங்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. அந்தக் கரண்டி இங்கே வரப்படாது. வந்தா எனக்குச் சொல்லணும்.” மறுநாளே தனிக் கரண்டி வந்தது. அவள் யாரையும் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. நல்லது கெட்டது என்று பிரசங்கம் பண்ணியதும் இல்லை. தன் வாய்க்குள் என்ன போகிறது என்பது தனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

என் வீட்டில் எல்லாம் சமைப்போம். டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே நான் சொல்லிவிடுவேன். “பட்டு, இன்னைக்குப் பெரிய கறி.” ஹைதராபாத்தில் மாட்டுக்கறிக்கு அப்படித்தான் பெயர். அவள் தன் டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை இருந்தால் முட்டை என்பேன். இல்லாததை அவளுக்குத் தனியாகச் செய்து கொண்டுபோவேன். வேலை பார்த்த காலம் முழுக்க இப்படியேதான் சாப்பிட்டோம். ஒரு நாள்கூட நான் அவளிடம் பொய் சொல்லவில்லை, அவளும் என்னைக் கண்டு மூக்கைச் சுளிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பல் ஆட ஆரம்பித்தது. கீழே வலது பக்கம், கடைவாய்ப் பல். ஈறு வீங்கும், ரத்தம் வரும், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பாள், அடங்கும், மறுபடி வீங்கும். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், சந்தோஷ்நகரில் இருக்கிற இர்பான் டாக்டரிடம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர்தான் பல் வைத்தியர். குவார்ட்டர்ஸ்காரர்கள் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள்.

இர்பான் படம் எடுத்துப் பார்த்தார். பல் நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்புதான் கரைந்துவிட்டது என்றார். பேசியது இந்தியில், நான் தமிழில் சொல்கிறேன். “ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி, அந்தக் குழியில் ஒரு சின்னத் துண்டு வைப்போம் அம்மா. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவார்களே, அந்த மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் எலும்பும் சதையும் வளரும். வளர்ந்த பிறகு சாரத்தைப் பிரிக்க வேண்டாம். அதுவே கரைந்துவிடும்.”

பட்டுவுக்கு ஒரே சந்தோஷம். “அட, பேஷ்!” என்றாள்.

“ஒன்று சொல்லிவிட வேண்டும்,” என்றார் இர்பான். “நான் வழக்கமாக வைக்கிற துண்டு மாட்டுத் தோலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது. உங்களுக்கு அது ஒத்துவராது என்றால்...”

அவர் முடிக்கவில்லை. பட்டு நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். கழுத்தில் கட்டின காகிதத் துணியோடு வெளியே நடந்தாள். மிச்சத்தை இர்பான் என்னிடம் சொன்னார்: மிருகம் எதுவும் கலக்காமல் செயற்கையாகச் செய்ததும் இருக்கிறதாம், வரவழைக்கக் கொஞ்ச நாள் ஆகுமாம். நான் படிக்கட்டில் ஓடிப் போய் அதைச் சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

“என்கிட்ட அதைச் சொல்ல அவனுக்கு எப்படிடி வாய் வந்தது?”

“சொன்னது தப்பா பட்டு? சொல்லாம வச்சிருந்தாத் தப்பு. கைக்கு இப்படிக் குதிக்கே?” எதுக்கு என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் ‘கைக்கு’.

“நீ அவனுக்குப் பரிஞ்சுண்டு வராதே. நான் எங்க அண்ணா பொண்ணு சாருகிட்டப் போறேன். நம்ம மனுஷான்னா இந்த வம்பே இல்லை.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என்னை நம்பி, என் டாக்டரிடம் வந்தவள். ஒரு நல்ல மனிதனை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டுப் போகிறாள். “போட்டீ, உன் மனுஷாகிட்டேயே போ” என்று சொல்லிவிட்டு நான் ஆட்டோ ஏறிவிட்டேன். ரொம்ப நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சாருலதா பட்டுவின் அண்ணன் புருஷோத்தமனின் ஒரே மகள். ஈறு வைத்தியத்திலேயே மேல்படிப்புப் படித்தவள், கொண்டாப்பூரில் பெரிய கிளினிக். ஐடிக்காரர்கள் வரிசை கட்டி நிற்கிற இடம். புருஷோத்தமன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளின் கிளினிக்கிலேயே மேனேஜராக உட்கார்ந்திருந்தார். வாசலில் பிள்ளையார், உள்ளே வெங்கடாசலபதி, ரிசப்ஷனில் ஊதுபத்தி. பட்டு எதையும் கேட்கவில்லை. என்ன வைக்கப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த அண்ணன் மகளிடம் அப்படிக் கேட்பதே அவளுக்கு மரியாதைக் குறைவு. சாருலதாவும் சொல்லவில்லை. “டோன்ட் வொர்ரி அத்தை, ஐ வில் டேக் கேர்” என்றாளாம். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் பெரும்பாலும் இங்கிலீஷிலோ இந்தியிலோ வரும்.

பல் நின்றுவிட்டது. கரும்பைக் கடிக்காத குறைதான். புருஷோத்தமன் சும்மா இருந்தாரா? இர்பான் கதையை அவர் ஒரு பிரசாரமாகவே ஆக்கிவிட்டார். “என் தங்கை வாயில மாட்டை வைக்கப் பார்த்தான், வேணும்னே பண்றான்கள்” என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் போட்டு, அது காஞ்சன்பாக் வரைக்கும் சுற்றி வந்து என் போனுக்கே வந்தது. இர்பானின் கிளினிக் பெயரோடு! குவார்ட்டர்ஸிலிருந்து போய்க்கொண்டிருந்த பல பேர் நின்றுவிட்டார்கள். நான் கொதித்துப் போய்ப் பட்டுவுக்குப் போன் பண்ணினேன்.

“ஏ பட்டு, வைக்கப் பார்த்தாரா, சொன்னாரா? உன் அண்ணனுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?”

“அண்ணா போட்டது தப்புதான். எடுக்கச் சொல்றேன்” என்றாள். எடுக்கவும் வைத்தாள். ஆனால் பரவியது பரவியதுதானே? அந்தப் போனில்தான் நாங்கள் மறுபடி சேர்ந்தோம்.

அப்புறம் சாருலதா கிளினிக்குக்கு மேலே இன்னொரு தளம் எடுத்து விரிவுபடுத்தினாள். கணபதி ஹோமம், சாப்பாடு. பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இலை போட்டு உட்கார்ந்தோம். பட்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து இலைக்காரர்களிடம் பல்லைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “வேற ஒரு டாக்டர் மாட்டுத் தோலை வைக்கறேன்னான். நம்ம சாரு பாருங்கோ, சுத்தமா முடிச்சுட்டா.”

எதிரே ஹம்ஸினி என்று ஒரு சின்ன டாக்டர் உட்கார்ந்திருந்தாள். சாருலதாவிடம் வேலை பார்க்கிறவள், பட்டுவுக்கு ஈறைத் திறந்தபோது கூட நின்றவள். கள்ளங்கபடம் இல்லாத பெண். பாயசத்தைக் குடித்துக்கொண்டே சிரித்தாள்.

“ஆண்ட்டி, அதே மாட்டுத் துண்டுதான் உங்களுக்கும் வச்சோம். எல்லா இடத்திலும் அதுதான்.”

பட்டு முதலில் சிரித்தாள், ஏதோ கேலி என்று. பிறகு திரும்பிச் சாருலதாவைப் பார்த்தாள். சாருலதா ஹம்ஸினியை முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பே போதும்.

பட்டு சாப்பாட்டில் பாதியில் எழுந்தாள். வாஷ்பேசினுக்குப் போனாள். வாயைக் கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள். மாதக் கணக்குக்கு முன்னால் வைத்துத் தைத்ததைக் கொப்பளித்துத் துப்ப முடியுமா? அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

சாருலதா பின்னாலேயே வந்தாள். “அத்தை, ப்ளீஸ், சீன் கிரியேட் பண்ணாதீங்க. அது ப்யூரிஃபைட். ஜஸ்ட் புரோட்டீன். இப்போ இல்லவே இல்லை, கரைஞ்சு போயாச்சு.”

“எங்கேடி கரைஞ்சது?” பட்டு திரும்பினாள். தண்ணீர் சொட்டியது. “என் உடம்புக்குள்ளேதானே? அதைத் தின்னுட்டுத்தானே என் எலும்பு வளர்ந்திருக்கு? வெளியில எடுத்து எறியறதா இருந்தாக்கூட நான் இவ்வளவு பதற மாட்டேனே!”

அன்றைக்குச் சாயங்காலமே புருஷோத்தமன் பட்டு வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தார் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

“வாத்தியார்கிட்டக் கேட்டாச்சு பட்டு. புண்யாகவாசனம் பண்ணி, பஞ்சகவ்யம் சாப்பிட்டா எல்லாம் சரியாப் போயிடும். நாளைக்கே ஏற்பாடு பண்றேன்.”

“பிராயச்சித்தம் எனக்கா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

“தெரியாம நடந்தது...”

“எனக்குத்தான் தெரியாம நடந்தது. உன் பொண்ணுக்குத் தெரிஞ்சுதானே நடந்தது? அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். சாரு நாலு பேர் நடுவுல, சொல்லாம வச்சது தப்புன்னு சொல்லணும். இனிமே யாருக்கு வச்சாலும் இன்னதுன்னு சொல்லிட்டு வைக்கணும். அவ்வளவுதான்.”

“கிளினிக் இழுத்து மூட வேண்டியதுதான்! இப்பத்தான் மேல்தளம் எடுத்திருக்கா. நாலு பேர் காதுல விழுந்தா என்ன ஆகும்?”

“இர்பானுக்கு என்ன ஆச்சோ அது ஆகும்,” என்றேன் நான். என்னால் பொறுக்க முடியவில்லை. “அவர் வாயால சொன்னதுக்கு அவர் பேரை ஊரெல்லாம் நாறடிச்சீங்க. உங்க மக கையால வச்சதுக்குப் பஞ்சகவ்யமா? அவர் செஞ்சா சதி, உங்க மக செஞ்சா சயின்ஸோ?”

“இது எங்க குடும்ப விஷயம். நீங்க நடுவுல வராதேள்மா.”

“ஹவ், ஆமா, குடும்ப விஷயம்! வாட்ஸ்அப்பில் போடும்போது ஊர் விஷயமாத்தானே இருந்தது?”

புருஷோத்தமன் என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தங்கையிடம் சொன்னார்: “கிளினிக் பக்கம் போய் வாயைத் திறந்தியோ, பொறந்தாத்தை மறந்துடு. நான் செத்தாக்கூட வராதே.”

பட்டுவுக்கு அப்பா அம்மா இல்லை. குழந்தைகளும் இல்லை. தீபாவளிக்குப் புடவை, நோன்புக்குக் கயிறு, ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆள், எல்லாமே அந்த அண்ணன் வீடுதான். சாருலதா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அம்மா படுத்த படுக்கையாகிப் போனாள். அப்போது லீவு போட்டுப் போய் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் பட்டு. அந்த வீடு போனால் அவளுக்கு நாராயணஸ்வாமியையும் என்னையும் தவிர யாரும் இல்லை. அது தெரிந்தேதான் அந்த மனிதர் அந்த இடத்தில் அடித்தார்.

ஒரு வாரம் போல அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வலது பக்கம் மெல்லுவதே இல்லை. தயிர்சாதத்தை இடது பக்கமே ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினாள். நாராயணஸ்வாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவ போகணும்னா போகட்டும்மா. அண்ணன் வீடு இல்லேன்னா என்ன, நான் இருக்கேன்” என்றார். அந்த மனிதர் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

முதலில் அவள் போனது இர்பானிடம். அங்கே காத்திருந்த குவார்ட்டர்ஸ்காரர்கள் கேட்கும்படி, “டாக்டர், நீங்க உண்மையைச் சொன்னேள், நான் எழுந்து போனேன். என் சொந்த மனுஷா சொல்லாமலே வச்சுட்டா” என்று இந்தியில் சத்தமாகச் சொன்னாள். இர்பான் அவளை உட்காரவைத்துப் பல்லைப் பார்த்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. “வேலை ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறார்கள் அம்மா. பல்லை விட்டுவிடாதீர்கள்” என்றார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். அந்தப் பெண்ணுக்குக் கைவேலை அத்தனை சுத்தம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் முடியாமல் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை காலையில் கொண்டாப்பூர் போனோம். கிளினிக் நிறைய ஆள். பட்டு நடு சோபாவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஐடிப் பையன், எதிரே ஒரு மார்வாடி அம்மா, மூலையில் புர்கா போட்ட ஒரு பெண், இன்னும் சிலர். பட்டு தெலுங்கில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை சொன்னாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

“ஈறுக்குள்ள என்ன வைக்கறான்னு கேட்டுட்டு வச்சுக்கோங்கோ. நான் கேட்கலை. டாக்டர் என் அண்ணன் பொண்ணு. எனக்குச் சொல்லாம மாட்டுத் தோலை வச்சுட்டா.”

புருஷோத்தமன் கவுன்டருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். “பட்டு! எழுந்திரு! வெளியில நட!” அவள் அசையவில்லை. ஹம்ஸினி சுவரோரம் வெளுத்துப் போய் நின்றாள். சத்தம் கேட்டுச் சாருலதா கையுறையோடு வெளியே வந்தாள்.

“அத்தை, என்ன இது? சொல்லியிருந்தா பண்ணிக்கிட்டிருப்பீங்களா?” என்று இந்தியில் கேட்டாள். “அங்கேருந்து ஓடின மாதிரி இங்கேருந்தும் ஓடியிருப்பீங்க. பல் போயிருக்கும்!”

“ஓடித்தான் இருப்பேன். பல்லும் போயிருக்கும். என் பல்லு, என் காலு. உனக்கென்னடி வந்தது?”

“உங்க நல்லதுக்குத்தான் பண்ணினேன்!”

“நல்லது பண்ணினேன்னு நீ நினைச்சிருந்தா, பண்ணினதை என்கிட்ட ஏன் சொல்லலை?”

பதில் இல்லாதவர்களுக்குக் கோபம்தானே வரும். சாருலதா கத்தினாள். “பூரி துனியா மே யஹீ சல்தா ஹை! காய் கா, சூவர் கா, சப் யஹீ ஹை! ஒவ்வொருத்தர்கிட்டயும் உட்கார்ந்து சொல்லிட்டிருந்தா நான் எப்போ வேலை பார்க்கிறது?”

உலகம் முழுக்க இதுதானாம். மாட்டிலிருந்து எடுத்தது, பன்றியிலிருந்து எடுத்தது, எல்லாம் இதேதானாம். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

மூலையில் இருந்த புர்காப் பெண் எழுந்து நின்றாள். தையல் பிரிக்க வந்தவளாக இருக்க வேண்டும். தாடையில் இன்னும் வீக்கம் இருந்தது. மெதுவாக நடந்து வந்தாள்.

“டாக்டர் சாப், மேரே மே க்யா டாலே?” எனக்குள் எதை வைத்தீர்கள் என்று கேட்டாள்.

“ஆயியே, அந்தர் பாத் கர்தே ஹைன்,” என்றாள் சாருலதா. உள்ளே போய்ப் பேசலாமாம்.

பட்டு எழுந்து நடுவில் போய் நின்றாள். “உள்ளே எதுக்கு? இங்கேயே சொல்லு.”

சாருலதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். ஹம்ஸினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மார்வாடி அம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்கு என்ன கேட்பது என்று யோசிப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். புர்காப் பெண்ணுக்கு வைத்தது பன்றி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கன்னத்தில் கை வைத்தபடி நின்றவள், டாக்டரை விட்டுவிட்டுப் பட்டுவின் பக்கம் திரும்பினாள்.

“நிகால் சக்தே க்யா, அம்மா?”

எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். பட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் மகளைப் பார்த்தாள்.

“கேக்கறா பாரு. பதில் சொல்லுடி.”